சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்: விண்ணப்பிப்பது கம்பெனி, சரிபார்க்க வேண்டியது நீங்கள்

"அண்ணே, பெர்மிட்டுக்கு எங்க அப்ளை பண்ணணும்?" ஊரிலிருந்து போன் செய்யும் தம்பிகள் எல்லாரும் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். நீங்கள் எங்கேயும் விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் பதில். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது முதலாளி. இல்லையென்றால் அவர் நியமித்த உரிமம் பெற்ற ஏஜென்சி. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் அவர்களுக்கென்று இருக்கும் பக்கத்தில்தான் எல்லாம் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பெர்மிட் வழங்கும்போது இன்னொரு 35 வெள்ளி. பெர்மிட்டுக்கென்று அரசாங்கம் வாங்கும் கட்டணம் அவ்வளவுதான். அதையும் கட்ட வேண்டியவர் முதலாளி.

இந்த 70 வெள்ளியை மனதில் வைத்துக்கொண்டு, ஊரில் ஏஜென்ட் சொல்லும் லட்சக்கணக்கைக் கேளுங்கள். அந்தப் பணம் பெர்மிட்டுக்கு இல்லை என்பது புரியும்.

நான் இங்கே ஒரு கட்டுமான கம்பெனி அலுவலகத்தில் பெர்மிட் வேலைகளைப் பார்ப்பவன். விண்ணப்பிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதால், வருகிறவர்கள் எந்த இடத்தில் ஏமாறுகிறார்கள் என்பது தெரிகிறது. அந்த இடங்களில் நின்று சொல்கிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

முதலில், எந்தப் பாஸ்?

எம்ப்ளாய்மென்ட் பாஸ் பட்டதாரி, நிர்வாகி வேலைகளுக்கு. எஸ் பாஸ் நடுத்தரத் திறன் வேலைகளுக்கு. அதற்கு 2025 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களில் மாதம் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும், வயது கூடக்கூட அந்தத் தொகையும் கூடும். இவை இரண்டுக்கும் கீழே இருப்பது வொர்க் பெர்மிட். இதற்குப் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஏஜென்ட் "எஸ் பாஸ்" என்று சொல்லிவிட்டுச் சம்பளம் 1,200 வெள்ளி என்றால் இரண்டில் ஒன்று பொய்.

இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் வொர்க் பெர்மிட் எல்லா வேலைக்கும் கிடைக்காது. கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் ரசாயன ஆலைகளைச் சேர்ந்த பிராசஸ் துறை, இந்த மூன்றும் திறந்திருக்கின்றன. சேவைத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் உள்ள வேலைக்கு மட்டும்தான் நம்மவர்களை எடுக்கலாம். 2023 செப்டம்பரில் அந்தப் பட்டியல் வந்தபோது இந்திய உணவகச் சமையல்காரர், வெல்டர், ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்பவர் போன்றவை இருந்தன. 2025 செப்டம்பரில் எல்லாச் சமையல்காரர்களையும் கனரக வாகன ஓட்டுநர்களையும் தொழிற்சாலை ஆப்பரேட்டர்களையும் சேர்த்தார்கள். இந்தப் பட்டியல் வேலைகளுக்கு மட்டும் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும் என்பது விதி.

அதனால் "சூப்பர்மார்க்கெட் கேஷியர், வொர்க் பெர்மிட், உடனே ஃபிளைட்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரத்தைப் பார்த்தால் அப்படியே அழித்துவிடுங்கள். கேஷியர் அந்தப் பட்டியலில் இல்லை. "டூரிஸ்ட் விசாவில் வா, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் அதே ரகம். வருகை அனுமதியில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் அபராதம், சிறை, அப்புறம் திரும்ப வரவே முடியாத தடை. ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது.

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். முன்பெல்லாம் ஐம்பதைத் தொட்டவர்களைப் புதிதாக எடுக்க மாட்டார்கள். 2025 ஜூலை 1 முதல் 61 வயதுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், 63 வரை வேலை செய்யலாம். இத்தனை வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பையும் அன்றோடு எடுத்துவிட்டார்கள். வீட்டுப் பணிப்பெண் வேலைக்கு விதிகள் தனி, அதை இங்கே கலக்கவில்லை.

டெஸ்ட் அடிப்பது

கட்டுமானத்துக்கு வருகிறவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். நம் ஆட்கள் பேச்சில் "டெஸ்ட் அடிக்கிறது". சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் நடத்துவது, அதாவது பி.சி.ஏ. கம்பி கட்டுதல், பலகை அடித்தல், டைல்ஸ், பூச்சு, பிளம்பிங், எலக்ட்ரிக்கல் என்று பிரிவுகள் உண்டு. பயிற்சி மையங்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன.

இரண்டு விஷயம். சேரும் மையத்துக்குப் பி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், அப்பா பெயர் விரித்து இன்னொன்றில் என்று மூன்று விதமாக வந்து நிற்கும் காகிதங்களைச் சரிசெய்வதிலேயே வாரக்கணக்கில் போகும். பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பாருங்கள். பெர்மிட் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள், பாஸ்போர்ட் அதற்குள் முடிந்தால் பெர்மிட்டும் குறுகும்.

டெஸ்டுக்குக் கட்டும் பணம் வேறு, வேலை வாங்கித் தருவதற்குக் கேட்கும் பணம் வேறு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் பணம்

சிங்கப்பூர் சட்டப்படி இங்குள்ள ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் கூடாது. ஆறு மாதத்துக்குள் முதலாளி உங்களை வேலையிலிருந்து நீக்கினால் பாதியைத் திருப்பித் தர வேண்டும். ரசீது தரவும் வேண்டும்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் பணம் கொடுப்பது ஊரில், ஊர் ஏஜென்டிடம். அங்கே இந்த வரம்பு எட்டாது. இந்தியச் சட்டம்தான் பேசும். அதன்படி பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம், ஆக 35,400 ரூபாய். நடப்பது வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிற குறைந்த படிப்புக்காரர்களுக்கு இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும், அங்கே ஓர் அதிகாரி காகிதத்தைப் பார்ப்பார். சிங்கப்பூர் அந்த நாடுகள் பட்டியலில் இல்லை. வசதிதான். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை ஊரில் யாரும் பார்ப்பதில்லை என்றும் அதற்கு அர்த்தம். ஆக, பார்க்க வேண்டியவர் நீங்கள். இலங்கையிலிருந்து வருபவர்கள் புறப்படுமுன் அங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும்.

சிங்கப்பூர் ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, மனிதவள அமைச்சின் ஏஜென்சிப் பட்டியலில் தேடுங்கள். பேசும் ஆளுக்கும் தனியாக ஒரு பதிவு எண் உண்டு. எண் தர மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கம்பெனியே பணம் கேட்டால்? வேலை தருவதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சூப்பர்வைசர் வழியாகக் கையில் வாங்கினாலும் அது முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தால் இதே குற்றம்தான். அதேபோல உங்களுக்காகக் கட்டும் 5,000 வெள்ளி பிணைத்தொகை, மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி என்ற வரி, மருத்துவக் காப்புறுதி எல்லாம் முதலாளியின் செலவு. கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் உள்ள ஒருவருக்கு லெவி மாதம் 900 வெள்ளி, கூடுதல் திறன் சான்று உள்ளவருக்கு 500. "உனக்காக இவ்வளவு கட்டுகிறேன்" என்று முதலாளி அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு, ஆனால் அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை.

விண்ணப்பம்

இந்தப் பகுதி சின்னது. உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், தேவைப்பட்டால் டெஸ்ட் சான்றிதழ், இவை கம்பெனிக்குப் போகும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிவு தெரிந்துவிடும். போலிச் சான்றிதழ் கொடுத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். ஏஜென்ட் செய்து கொடுத்தது என்று சொன்னால் எடுபடாது.

ஐ.பி.ஏ. வந்ததும்

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வருவது ஐ.பி.ஏ., கொள்கையளவிலான அனுமதிக் கடிதம். இதுதான் முக்கியமான காகிதம். உங்களை நாட்டுக்குள் விடும் விசாவும் இதிலேயே அடக்கம். நீங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் இதை உங்கள் தாய்மொழியில் உங்களுக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. தமிழில் கேளுங்கள், கிடைக்கும்.

பெரும்பாலான ஏஜென்ட்கள் செய்வது என்னவென்றால், முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதுவும் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். பெயரும் கம்பெனியும் தெரியும், வீட்டில் எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்படலாம். சம்பளம் இருக்கும் பகுதி மட்டும் வராது. கேட்டால், "டிக்கெட் போட்டாச்சு தம்பி, மிச்சத்தை அங்க போய்ப் பார்த்துக்கலாம்." பார்க்க வேண்டிய மிச்சம் அதுதான். முழு பி.டி.எஃப். வராமல் பணமும் கொடுக்க வேண்டாம், டிக்கெட்டும் போட வேண்டாம்.

கடிதம் கையில் வந்ததும் மேலிருந்து படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். பிறகு கம்பெனியின் பெயர். ஏஜென்ட் சொன்ன கம்பெனிதானா? வேறு பெயராக இருந்தால் "சிஸ்டர் கம்பெனிதான்" என்பார்கள். சட்டப்படி நீங்கள் கடிதத்தில் இருக்கும் கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், பக்கத்துக் கம்பெனி முதலாளியின் தம்பியுடையதாக இருந்தாலும்.

அடுத்து வேலையின் பெயரும் துறையும். எலக்ட்ரீஷியன் என்று பேசிவிட்டுக் கடிதத்தில் கட்டுமானத் தொழிலாளி என்று இருந்தால் இப்போதே கேளுங்கள்.

அப்புறம் சம்பளம். இங்கே மூன்று வரிகள் முக்கியம்: அடிப்படை மாதச் சம்பளம், நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள். ஓவர்டைம் இதில் வராது. ஏஜென்ட் சொல்லும் "ஆயிரத்து இருநூறு" என்பது பெரும்பாலும் ஓவர்டைமையும் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் சேர்த்து அவர் போடும் கணக்கு. நம் ஆட்கள் நாள் கணக்கில் "பேசிக் 20 வெள்ளி" என்று பேசுவது வழக்கம். 26 நாளால் பெருக்கினால் 520. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் அதோடு ஒத்துப்போகிறதா? கடிதத்தில் கூடவும் வாயில் குறைவாகவும் சொன்னால் அது இன்னும் மோசம். அமைச்சுக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு என்று நடக்கப்போகிறது. உங்களுக்குச் சேர வேண்டியது கடிதத்தில் இருக்கும் தொகைதான். நீங்கள் எழுதிக் கொடுத்து, அமைச்சுக்கும் தெரிவிக்காமல் முதலாளி அதைக் குறைக்க முடியாது. அதனால்தான் விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பில் வெற்றுத்தாளிலோ புரியாத மொழித்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன்.

பிடித்தங்கள் வரியில் தங்குமிடம், சாப்பாடு என்று எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குள் வந்து சேர வேண்டும். கடைசியாக, அது உண்மைக் கடிதமா என்று அமைச்சின் இணையத்தளத்தில் வேலை அனுமதி நிலையைப் பார்க்கும் பக்கத்தில் சரிபாருங்கள். போலித் தளங்களும் உலவுகின்றன, முகவரி "டாட் கவ் டாட் எஸ்ஜி" என்று முடிகிறதா என்பதைக் கவனியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

கிளம்பும் வாரம்

வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் அரசாங்கத்துடையவை அல்ல.

பெட்டியில் ஹான்ஸ், குட்கா, பான் மசாலாப் புகையிலை எதுவும் வேண்டாம். மெல்லும் புகையிலை இங்கே முழுத்தடை. சிகரெட் ஒரு குச்சி கொண்டுவந்தாலும் வரி கட்ட வேண்டும். சூயிங்கமும் கூடாது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் பரவாயில்லை, ஆனால் அதுவும் இங்கே தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கிடைக்கும், எடையை வீணாக்காதீர்கள்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்கள் சிகிச்சை முடிந்த காகிதங்களையும் பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுவாருங்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் இங்கே மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், செலவழித்த பணம் போனது போனதுதான். கடன் வாங்குமுன் உள்ளூரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வந்த பிறகு

கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைக்காரர்களை முதலில் ஒரு வரவேற்பு மையத்துக்கு அழைத்துப்போவார்கள். மருத்துவப் பரிசோதனை அங்கே நடக்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு ஒருநாள் அறிமுகப் பயிற்சியும் உண்டு, தமிழிலேயே நடத்துகிறார்கள். சிலர் அதில் தூங்கிவிடுகிறார்கள். சம்பளம், புகார், சட்டம் எல்லாம் சொல்லிக்கொடுக்கும் ஒரே நாள் அது, காபி குடித்தாவது விழித்திருங்கள். கட்டுமானத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி தனி. செலவு கம்பெனியுடையது.

பரிசோதனையில் தேறியதும் கம்பெனி பெர்மிட்டை வழங்கச் செய்யும். தேவைப்பட்டால் பெண்டிமியர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்தில் விரல்ரேகையும் படமும் எடுப்பார்கள், சில நாளில் அட்டை வரும். அட்டையில் இருக்கும் எண்தான் இனி உங்கள் அடையாளம், மனப்பாடம் செய்துவிடுங்கள். அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. "பத்திரமாக வைக்கிறோம்" என்பார்கள், உங்கள் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினால் போதும்.

வங்கிக் கணக்கு திறந்ததும் ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். கணக்கை "கொஞ்ச நாளைக்கு" வாடகைக்குக் கேட்டு வருபவர்கள் மோசடிக் கும்பல். கொடுத்தால் சிறை உங்களுக்கு.

முதல் சம்பளச் சீட்டு

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் 14 நாளுக்குள் ஓவர்டைமும் வர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதை ஐ.பி.ஏ.வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓவர்டைம் கணக்கு இப்படி: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 2,288ஆல் வகுக்க வேண்டும். 52 வாரம், வாரத்துக்கு 44 மணி, அதுதான் 2,288. அடிப்படை 800 வெள்ளி என்றால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. சீட்டில் 4 வெள்ளி 20 காசிலேயே ஓவர்டைம் போட்டிருந்தால் உங்கள் பணம் போகிறது. வாரம் ஒருநாள் ஓய்வு. அன்று முதலாளி கேட்டு முழுநாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம்.

எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த சைட் என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். லாரி ஏறும் இடத்தில் நின்றே எழுதிவிடலாம். தகராறு வந்தால் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

சரிவராவிட்டால்

கம்பெனி மாற வேண்டுமானால் பெர்மிட் நடுவில் இருக்கும்போது இப்போதைய முதலாளியின் சம்மதம் வேண்டும். பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில் புதுக் கம்பெனி அவர் சம்மதமில்லாமலே விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதிகளை முன்கூட்டியே போனில் குறித்து வைத்து, அதற்கு முன்பே வேலை தேடிவிடுங்கள். இந்த ஜன்னலைத் தவறவிட்டவர்கள்தான் திரும்பவும் ஊருக்குப் போய் ஏஜென்டுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

சம்பளப் பாக்கி என்றால் வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள் புகார் பதிய வேண்டும். முதலில் சமரசம் பேசுவார்கள், தீராவிட்டால் தீர்ப்பாயம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைக் கூப்பிடலாம், 6536 2692, இருபத்துநாலு மணிநேரமும் எடுப்பார்கள். கூப்பிடும்போது பெர்மிட் எண், ஐ.பி.ஏ., சம்பளச் சீட்டுகள், அந்த நோட்டு எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். போனில் இருப்பவர் கேட்கப்போவது அவற்றைத்தான்.